தண்ணி எப்படி வருது?

பாய்,

இன்று காலை உங்கள் கடையில் பசை டப்பா கவிழ்ந்துவிட்டது. பிளாஸ்டிக் குழாய் ஒட்டுகிற அதே பசைதான். மோட்டார் குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட் வால்வு வாங்க வந்த ஒருவர், கொல்லைப்பக்கம் எங்கே என்று கேட்டுவிட்டு அவசரமாக நடந்ததில் கால் தட்டிக் கொட்டியது. உங்கள் மருமகன் பழைய சாக்கைப் போட்டுத் துடைத்தார். நெடி மட்டும் போகவில்லை. எனக்கு அந்த நெடி வந்தால் உங்கள் முகமும் கூடவே வந்துவிடும். நீங்கள் என்னதான் அத்தர் பூசிக்கொண்டு வந்தாலும், கடைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பசையாகத்தான் மணப்பீர்கள். நீங்கள் போய் ஒரு சம்பா அறுவடை முடிந்துவிட்டது. இன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொன்னால்தான் சரியாக இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

நமக்குள் பழக்கம் ஏற்பட்ட கதையை நீங்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். என் பக்கத்துக் கதையை நான் முழுதாகச் சொன்னதில்லை. பாபநாசத்தில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது உங்கள் கடைக்கு மேல் கட்டியிருந்த பேனரைப் படித்தேன். ‘கடைமடை நண்பர்கள். தண்ணீர்ப் பிரச்சினை உள்ள ஆண்கள் ஞாயிறு காலை வரலாம். ரகசியம் காக்கப்படும்.’ ஆண்கள், ரகசியம் என்ற இரண்டு சொற்களும் என் கண்ணில் படத்தான் செய்தன. மதகு திறக்கிற அதிகாரிகள் காதுக்கு எட்டாமல் கூட்டம் போடுகிறார்கள், விவரமான ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வாய்க்காலில் கடைசி வயல் என்னுடையது. மேட்டூர் திறந்து, ஊரெல்லாம் நாற்று விட்ட பிறகுதான் தண்ணீர் எங்களை எட்டிப் பார்க்கும். கடைமடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடைக்குப் பின்னால் குழாய்க் கட்டுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஊர் பேர் விசாரிக்கவில்லை. அதுவும் நல்ல ஏற்பாடாகவே பட்டது. நான் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். டீ இன்னும் வரவில்லை. மறுபடி ஒரு தடவை போய்விட்டு வந்தேன். நீங்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

“சொல்லுங்கண்ணே, தண்ணி எப்படி வருது?”

“எங்க பாய் வருது? விட்டு விட்டு வருது. சொட்டு சொட்டா வந்து நின்னுபோவுது.”

“ராத்திரியில?”

“ராத்திரிதான் பெருந்தொல்லை. தூக்கம் போச்சு. எத்தன தடவ எந்திரிச்சு எந்திரிச்சுப் போறது?”

“எவ்ளோ நாளா?”

“அது ஆச்சு ரெண்டு மூணு வருசம். எல்லாம் மேல இருக்கறவன் அடைச்சுக்கிறதுதான்.”

பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் அண்ணன், பாவம், ஒன்றும் புரியாமல் உங்களைப் பார்த்தார். “என்ன பாய் இவரு மேலங்குறாரு? நமக்கெல்லாம் கீழல்ல அடைப்பு?” என்றார். அதற்கு நான், “கீழ எங்க இருக்கு? எனக்குக் கீழ வயலே கிடையாதே” என்றேன். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. குழாய்க் கட்டில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் விவரம் சொன்னீர்கள். அங்கே இருந்த எல்லாருக்கும் புராஸ்டேட்டில் புற்று. உங்களுக்கும். முதலில் புற்றுநோய் என்றே எழுதி வைத்தீர்களாம், ஈ காக்கை வரவில்லையாம். “நம்ம பக்கத்து ஆம்பள நோயின்னா வரமாட்டான், தண்ணின்னா வந்துருவான். ஒடம்புலயும் இது கடைமடை சமாச்சாரம்தானே” என்றீர்கள். ஆபீஸ் கிடையாது, சம்பளம் கிடையாது. ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி நாள் என்றால் இன்னொருத்தர் கூடப் போவார். அதற்கு நீங்கள் வைத்த பெயர் முறை. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல, இந்த வாரம் இவர் முறை, அடுத்த வாரம் அவர் முறை. தன் முறைக்கு வராதவனை நீங்கள் திட்டுவதையும் அன்றே கேட்டேன்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்திருக்கப் பார்த்தேன். “வந்தது வந்துட்டீங்க, ஒரு சொட்டு ரத்தம் குடுத்துட்டுப் போங்க” என்றீர்கள். பரிசோதனை நிலையத்திலிருந்து வந்திருந்த பெண் ஊசியோடு நின்றாள். டீயைக் குடித்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கேட்ட ஊர் பேரைச் சொல்லிக் கையை நீட்டினேன். விட்டால் போதும் என்று பேருந்து ஏறினேன்.

பத்து நாள் கழித்து நீங்கள் மொபெட்டில் எங்கள் வயல் வரைக்கும் வந்தீர்கள். வரப்பில் உங்களுக்கு நடக்க வராது. லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடுதலாக இருக்கிறது, அதனால் மட்டும் புற்று என்று ஆகிவிடாது, சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றீர்கள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைக் கட்டப் போனேன். நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். அதற்குப் பிறகும் மூன்று வாரம் விடாமல் வந்தீர்கள். “எனக்குக் கோளாறு வாய்க்கால்லதான் பாய், ஆள விடுங்க” என்று நானும் விடாமல் சொன்னேன்.

நான் பயந்தது சாவுக்கு இல்லை. ஆபரேஷன் ஆனவன் ஆம்பளையாக இருக்க மாட்டான் என்று ஊரில் சொல்லக் கேட்டிருந்தேன். அதை ஒரு நாள் உங்களிடம் கேட்டே விட்டேன். நீங்கள் மழுப்பவில்லை. “கொஞ்ச மாசம் கசியும். அப்புறம் நின்னுடும். மத்தது முன்ன மாதிரி இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு இல்ல. உங்களுக்கு எப்படியோ, டாக்டரக் கேளுங்க. ஆனா ஒண்ணு, இந்த வரப்புல நின்னு உங்ககிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்ல? அது போதும்னு இருக்கு எனக்கு” என்றீர்கள். அதுவரை பம்புசெட் விஷயமாக வந்தவர் என்று உங்களை நினைத்துக்கொண்டிருந்த என் மனைவி, மோர்ச் செம்போடு பின்னால் நின்றதை நாம் இருவரும் பார்க்கவில்லை. அவள் செம்பை வரப்பில் வைத்தாள்.

“எனக்கு ஆளு வேணும் பாய். மத்தது இருந்தா இருக்கு, போனா போவுது. எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?”

உங்கள் முகம் சிவந்துபோனதை அன்றுதான் பார்த்தேன்.

சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்றார்கள். பரவவில்லை என்றும் சொன்னார்கள். தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. டிரைவர் அண்ணன் முறை என்று இருந்ததை மாற்றிக்கொண்டு நீங்களே வந்தீர்கள். மயக்கம் தெளிந்தபோது முதலில் வந்தது பசை நெடிதான், பிறகுதான் டெட்டால். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கசிந்தது. வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் இறங்க முடியவில்லை. செய்தித்தாளில் சுற்றி ஒரு கட்டு பேட் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “புது வாஷர் செட்டாவ நாளாவும்ணே, நான் பாக்காத கசிவா?” என்றீர்கள். அன்று உங்களை அடிக்க வேண்டும் போல் இருந்தது. பொங்கலுக்குள் நின்றுவிட்டது.

நான் பிழைத்தேன், நீங்கள் பிழைக்கவில்லை. இதில் நியாயம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உங்களுக்குக் கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் போயிருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போவீர்களாம். குளிரூட்டி அறையில் படுத்தால் அப்படித்தான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். நீங்களும் நம்பினீர்கள். உங்களிடம் தண்ணி எப்படி வருது என்று கேட்க அங்கே ஓர் ஆள் இல்லை. அதற்காகத்தான் அந்த நாற்காலிகளை வாங்கிப் போட்டீர்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் முறை. இடுப்பு வலிக்கு மாத்திரை கொடுத்துத் தலையணையைச் சரிசெய்தேன். உங்கள் மகள் பாலில்லாத சுலைமானி டீ வைத்துவிட்டுப் போனாள். கடையில் சிரிப்பு வந்த அந்த முதல் நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. நல்லவேளை, என் வாய்க்காலைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்றேன்.

“யாரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டா? நீங்க வாய்க்காலத்தான் சொல்றீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“பின்ன ஏன் பாய் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?”

“டீ வர்றதுக்குள்ள ரெண்டு தடவ கொல்லைக்குப் போனீங்க. போனவரு லேசுல வரல. தண்ணி விழுற சத்தமும் ஒழுங்காக் கேக்கல. ஊருக்கு வந்து இத்தன வருசமா குழாய்க் கடை வச்சிருக்கேன், சத்தம் தெரியாதா எனக்கு? நேரா கேட்டிருந்தா, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு எந்திரிச்சுப் போயிருப்பீங்க. வாய்க்கால்னு நெனச்சதாலதானே எல்லாத்தையும் சொன்னீங்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, டீ ஆறுது என்றீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. பள்ளிவாசல் வாசலில் டிரைவர் அண்ணனும் நானும் மற்றவர்களும் ஓரமாக நின்றோம். அத்தர் மணந்தது. பசை நெடி இல்லாமல் அது உங்களைச் சேர்ந்ததாகவே தெரியவில்லை.

கூட்டம் நடக்கிறது. நாற்காலிகள் அதேதான், ஒன்றுக்குக் கால் உடைந்துவிட்டது. பேனர் வெளுத்துப் புதிதாக எழுதக் கொடுத்தோம். வார்த்தையை மாற்றலாமா, படித்தவர்கள் சிரிக்கிறார்கள் என்று மருமகன் கேட்டார். ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்காலுக்கு இந்த ஆண்டும் தண்ணீர் பிந்தித்தான் வந்தது. அது வேறு சண்டை, அதையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். பசையைக் கொட்டியவர் திருப்பித் திருப்பி மன்னிப்புக் கேட்டார். என் வயதுதான் இருக்கும், தாராசுரம் பக்கத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கிறாராம். மருமகன் ஃபுட் வால்வைத் தேடி எடுப்பதற்குள் மறுபடி ஒரு தடவை கொல்லைக்குப் போனார். கூட்டத்துக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கொஞ்சம். மருமகன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

தாராசுரத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வாங்கண்ணே, உக்காருங்க. தண்ணி எப்படி வருது?”

“அத ஏன் கேக்குறீங்க” என்று அலுத்துக்கொண்டே உட்கார்ந்தார். “மோட்டாரு போட்டா ஒடனே வர மாட்டேங்குது. முக்கி முக்கி வருது. வந்தாலும் வேகமே இல்ல. ஃபுட் வால்வுதான் போயிருக்கும்னு நெனைக்கிறேன்.”

நான் திருத்தவில்லை, பாய். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“எவ்ளோ நாளா?” என்றேன்.