சனிக்கிழமை ஆயுத பூஜை

பொரிப் பாக்கெட்டைப் பிரித்ததும் நமுத்த வாசனைதான் வந்தது. இங்கே இந்தியக் கடையில் எத்தனை நாள் கிடந்ததோ. நின்றபடியே ஒரு பிடி வாயில் போட்டேன். உன் நினைவு வந்துவிட்டது.

கனடாவில் ஆயுத பூஜை அதன் நாளில் வருவதில்லை. விடுமுறை கிடைக்கும் சனிக்கிழமையில்தான் வரும். இந்த முறை அவருக்கு அன்றும் வேலை. வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சளி, எனக்கு முதுகுவலி. பேசாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். பெரியவள் விடவில்லை.

அவள் கைக்குழந்தையாக இருந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். ஓசூரில் நாம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம்; ஜூஜுவாடியில் அடுத்தடுத்த வீடு. அவர் அப்போதுதான் இங்கே வந்திருந்தார். பூஜைக்கு நான் விருதுநகர் போவதாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நீ உன் மகளோடு கர்நாடக எல்லையிலிருக்கும் உன் ஊர் தளிக்குப் புறப்பட்டு, சொல்லிவிட்டுப் போக வந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாய்.

"ஊருக்கு நாளைக்குப் போனா ஆவாதா? எங்க வூட்ல உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

என் குக்கர், மிக்ஸி, கம்பெனி அடையாள அட்டை என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாய். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "நீ உக்காரு. முடிஞ்சவங்க செய்யறதுதான் பண்டிக" என்றாய். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்தேன். அப்படி உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று.

இங்கே வந்த பிறகும் பூஜையன்று வீடியோவில் வருவாய். பிள்ளைகளுக்கு நீ தளி அத்தை.

போன வருடம் ஹாலோவீன் சாயங்காலம் செய்தி வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை என்று அண்ணன் சொன்னார். வாசலில் பிள்ளைகள் பேய் வேடத்தோடு நின்றிருந்தார்கள். வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்க வேண்டும், வாக்குக் கொடுத்திருந்தேன். போனேன். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் சிரித்தேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இந்த ஒரு வருடமாகவே சொல்லவில்லை.

இந்தச் சனிக்கிழமை பெரியவள் கேட்டாள். "தளி அத்தை ஏன்மா இன்னும் போன் பண்ணல?"

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "அத்தை செத்துப்போயிட்டாங்கடா" என்றேன். அவள் அழவில்லை. "அப்ப அக்கா தனியா இருப்பாங்களா?" என்று கேட்டாள்.

உன் மகளைக் கூப்பிட்டோம். உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்க வூட்ல இந்த வருசம் பண்டிக இல்ல சித்தி. அப்பா வண்டியக்கூடக் கழுவல. நீங்க கும்பிடுங்க, நான் பாத்துட்டிருக்கேன்."

போனைச் சுவரில் சாய்த்து வைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "குக்கர உட்டுட்டீங்களே சித்தி! எங்கம்மா மொதல்ல அதுக்குத்தான் வெக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை உடைந்தது. எனக்கும். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று ஒரு வருடமாகப் பிடித்து வைத்திருந்தேன். அவர்கள் முன்னாலேயே அழுதேன். பெரியவள் குக்கருக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அசதி தீரவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். மாலையில் சின்னவளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வரும்போது, சாப்பிட்டாயா என்று தினமும் கேட்பதைத்தான் கேட்டேன்: "ஊட்டா ஆய்த்தா?"

"ஆய்த்து" என்றாள்.

கனடாவில் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் இந்த ஒரு வார்த்தை உன் கன்னடம் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் திருத்தப்போவதில்லை.