நான் சேர்த்த வசனம்

என் வீட்டு வாசற்சுவரில் இன்று காலை யாரோ ரோஸ் நிற நோட்டீஸ் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பசை இன்னும் ஈரமாகவே இருக்கிறது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் தறியை விட்டு எழுந்துவிட்டேன். நாடகக் கம்பெனி வீட்டு அடுப்பங்கரையில் நீயும் நானும் முறைபோட்டுக் காய்ச்சிய அதே பசை. ‘சின்னஞ்சிறு பாலர்கள் நடிக்கும் அற்புத நாடகம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. டாக்கி என்கிற பேசும்படம் வந்தால் பாய்ஸ் கம்பெனிகள் ஒழிந்துபோகும் என்றார்கள். ஒழியவில்லை. டாக்கிக்காரர்களும் இப்போது பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதை எந்த விலாசத்துக்கும் அனுப்ப முடியாது. அதனால்தான் எழுதத் துணிந்தேன். என் தைரியம் எவ்வளவு என்று உனக்குத் தெரியாதா என்ன?

அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. நீ மதுரைப் பக்கம், நான் இந்தக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி மகன். நான் வாயைத் திறந்தாலே உனக்குச் சிரிப்பு. “வந்துக்கினு போய்க்கினு… இதெல்லாம் ஒரு பேச்சாடா?” என்று விரட்டி விரட்டிக் கேலி செய்வாய். மேடையில் நான் ஸ்திரீபார்ட், ராணி. நீ பபூன், ராணியின் வேலைக்காரன். மற்றவர்கள் எல்லாம் வாத்தியார் எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். பபூன் மட்டும் கூட்டத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு சுதந்திரத்துக்காகவே உன்மேல் எனக்குப் பொறாமை.

நம் கம்பெனி இந்த ஊரில் கொட்டகை போட்டபோது, அம்மாவைப் பார்க்கலாம் என்று குதித்தேன். பார்க்க விட்டால்தானே! ஓடிப்போய்விடுவோம் என்று இருபது பிள்ளைகளையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். என் வீடு நாலே தெரு தள்ளி. கம்பெனி வீட்டுக் கூடத்தில் படுத்தால் தறிச் சத்தம் கேட்கும். அதில் எங்கள் வீட்டுத் தறி எது என்று காது கொடுத்துக்கொண்டே கிடப்பேன். வெளியூரில் இருந்தபோதுகூட அப்படி ஒரு தனிமையை நான் அனுபவித்ததில்லை.

ஊருக்கு வந்த பிறகு அம்மாவை முதலில் பார்த்தது மேடையில் இருந்துதான். தரை டிக்கெட்டில், முன்வரிசையில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராணி வேஷத்தில் என்னை அடையாளம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வசனம் மறந்துபோயிற்று.

கம்பெனிச் சட்டம் உனக்கு நினைவிருக்கும். ஒருவன் வசனம் தப்பினால் எல்லோருக்கும் அடி. மறுநாள் காலையில் முதலாளி பிரம்போடு வந்து நின்றதும் மற்றப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிரம்பைவிட அதற்குத்தான் பயந்தேன். நீ வரிசையிலிருந்து முன்னால் வந்தாய். “நான்தாங்க வசனத்தைத் தப்பா எடுத்துக் கொடுத்தேன். அவன் மேல குத்தமில்ல” என்றாய். எல்லோருக்கும் விழ வேண்டியது உன் ஒருவன் முதுகில் விழுந்தது. சாயங்காலம் உன் முதுகுக்கு நான் விளக்கெண்ணெய் தடவினேன். “யாராச்சும் வெளி ஆளுக்குத் தெரியணும்டா. தெரிஞ்சா விட்ருவாங்களா?” என்றாய். அப்போது உன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

அடுத்து வந்தது அமாவாசை. தறிகளுக்கு ஓய்வு என்பதால் நெசவாளர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். கொட்டகை நிரம்பி வழிந்தது. “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று ராணியாகிய நான் கேட்க வேண்டும், நீ ஏதாவது கோணங்கித்தனமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாய்.

“எங்க முதலாளிகிட்ட அடி வாங்கிட்டு வர நேரமாச்சு மகாராணி. பாட்டுத் தப்பினா ஒரு அடி. தப்பாம பாடினா ரெண்டு அடி.”

எனக்கு வேறு வழியில்லை. “தப்பாமல் பாடினால் ஏன் இரண்டு?” என்றேன்.

“நேத்துத் தப்பினதுக்கு ஒண்ணு, நாளைக்குத் தப்பப் போறதுக்கு ஒண்ணு!”

கொட்டகை அதிர்ந்தது. நீ சிரிக்கவில்லை. “நெசமாத்தான் சொல்றேன், பாருங்க!” என்று சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாய். வரிவரியாகத் தடித்திருந்தது. ஜனங்கள் அதையும் வேஷம் என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டினார்கள். ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினார்கள். ஒன்ஸ்மோர் கேட்டால் மறுக்கக் கூடாது என்பதும் கம்பெனிச் சட்டம். நீ மறுபடி சட்டையைத் தூக்கினாய். மறுபடி கைதட்டல். என் அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நீ என் பக்கம் திரும்பியபோது உன் முகத்தில் இருந்த வெறுமையை நான் வேறு எவர் முகத்திலும் பார்த்ததில்லை.

ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன காஞ்சிபுரத்து வக்கீல். நாற்காலி வகுப்பில் இருந்தவர், நாடகம் முடிந்ததும் முதலாளியிடம் வந்து, காலையில் பத்து மணிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் முதலாளி முதல் காரியமாக உன்னைச் சலவைத் துணி மூட்டையோடு ஓரிக்கைக்கு, பாலாற்றங்கரைக்கு, ஆள் போட்டு அனுப்பிவிட்டார். பிறகு எங்களை உட்கார வைத்து ஒத்திகை நடந்தது. வக்கீல் என்ன கேட்பார், நாங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று வாத்தியார் வசனம் எடுத்துக் கொடுத்தார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டுத் தலையைத் தடவினார். “நீதான் நல்லா பேசுவே. சரியாச் சொன்னா இன்னிக்கே உங்க அம்மாகிட்ட அனுப்புறேன். பொழுதுசாய வந்தாப் போதும்” என்றார்.

அம்மாவைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

வக்கீல் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். தரையிலேயே, என் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். “பயப்படாமச் சொல்லுடா கொழந்தே. உங்களையெல்லாம் அடிக்கறாளா?”

“இல்லீங்க ஐயா. பெத்த பிள்ளை மாதிரி வெச்சிருக்காங்க.”

“அந்தப் பபூன் பையன் முதுகுல இருந்ததே, அது என்ன?”

“வேஷத்துக்குப் போட்ட சாயம், ஐயா.”

வாத்தியார் சொல்லிக் கொடுத்தது இத்தோடு முடிந்தது. ஆனால் வக்கீலின் முகத்தில் இன்னும் சந்தேகம் இருந்தது. மேடையில் எதிரே நிற்பவன் நம்பவில்லை என்றால் ஒரு நடிகனுக்குப் பொறுக்குமா? எனக்குப் பொறுக்கவில்லை. லேசாகச் சிரித்தேன். “நான்தான் ஐயா பூசிவிட்டேன். குங்குமத்தை எண்ணெயில் கொழைச்சு, விரலாலே கோடு கோடா இழுத்தேன். அவனுக்கு ஒரே கூச்சம், நெளிஞ்சுக்கினே இருந்தான்” என்றேன்.

அந்த வசனத்தை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது நானே சேர்த்தது. உன் முதுகில் எண்ணெய் தடவிய அதே விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். வக்கீல் சிரித்துவிட்டார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மா கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். தொண்டைக்குள் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாக இறங்கியது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். “அந்தப் பபூன் பையன் இன்னாமா சிரிக்க வெக்கிறான் கண்ணு! வயிறே வலிச்சிடுச்சு” என்றாள் அம்மா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்பிப் போக விடமாட்டாள், என்னைக் கம்பெனியில் விடுவதாக அப்பா முதலாளியிடம் கொடுத்த வாக்கு என்னாகும் என்று பயந்தேன். இல்லை, அதுவும் பொய். அந்த ஒரு நாள் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன்.

பொழுதுசாயத் திரும்பி வந்தபோது நீ கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாய். முதலாளி அறைந்த இடது காதில் துணியை அடைத்திருந்தார்கள், துணியில் ரத்தம். நான் வக்கீலிடம் சொன்னதை மற்றப் பிள்ளைகள் உன்னிடம் சொல்லியிருந்தார்கள் என்பது அவர்கள் என்னைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று. “ஆத்தா என்னடா சமைச்சாங்க?”

அடுத்த ஊரில் உனக்கு எதிரே நடிப்பவனின் வசனம் பாதிதான் கேட்டது. பதில் சொல்லத் தடுமாறினாய். காது கேட்காத பபூன் எதற்கு என்று முதலாளி உன்னை ஒரு தகரப் பெட்டியோடு வெளியே அனுப்பினார். எனக்கு மகரக்கட்டு வந்து குரல் உடையும் வரை நான் ராணியாகவே இருந்தேன்.

இன்று அந்த நோட்டீஸைப் பார்த்த பிறகு தறியில் உட்கார முடியவில்லை. அந்தக் கம்பெனி தங்கியிருக்கும் வீட்டுக்கே நேராகப் போனேன். பிள்ளைகள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். ஸ்திரீபார்ட்டுக்காகத் தலைமுடி வளர்த்திருந்த ஒருவனிடம் போய், நன்றாக வைத்திருக்கிறார்களா தம்பி என்று கேட்டேன். “ஒரு குறையும் இல்லீங்க ஐயா” என்றான், கணீரென்று, ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல். அந்தத் தடுக்காத பேச்சில்தான் எனக்குக் குளிர் எடுத்தது. நாளைக்கும் வருகிறேன் என்றேன். அவன் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். நாளைக்குப் போவேன். அதற்கு மறுநாளும் போவேன். ஒரு நாள் வந்து கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறவனாக நான் இருக்க மாட்டேன். இந்த ஊரில் இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆளில்லை. என் மனைவிக்குக்கூட நான் நடிகனாக இருந்தது வேடிக்கைக் கதையாகத்தான் தெரியும்.

கடைசியாக உன்னைப் பார்த்தது அரக்கோணம் ஸ்டேஷனில். நான் புடவை மூட்டையோடு பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், நீ பிளாட்பாரத்தில் காப்பி விற்றுக்கொண்டிருந்தாய். பார்த்ததும் கட்டிக்கொண்டாய். காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக் காப்பி கொடுத்தாய். “இந்தப் பக்கமா நின்னு பேசுடா, அந்தக் காது செத்துப்போச்சு” என்று என்னை வலப்பக்கம் இழுத்து நிறுத்தினாய். வேறு எதையும் நீ சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். உன் சாவுச் சேதி பிறகு நம் கம்பெனிப் பையன் ஒருவன் மூலம் வந்தபோது, முதலில் அந்தப் பிளாட்பாரம்தான் என் கண்முன் நின்றது.

அன்று பிளாட்பாரத்தில் வண்டி புறப்படும் மணி அடித்தது. நான் தம்ளரைக் கொடுக்கிற சாக்கில் உன்னைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தேன். வேண்டுமென்றேதான் வந்தேன். உன் இடது காதுக்கு மிக அருகில் வாயை வைத்து, “மன்னிச்சிடுடா, நான்தான் பொய் சொன்னேன்” என்றேன்.

மூச்சுக் காற்று பட்டிருக்க வேண்டும். நீ சட்டென்று வலது காதைத் திருப்பி, “என்னடா சொன்னே?” என்றாய்.

“காப்பி நல்லா இருக்குதுன்னேன்.”

நம்பிவிட்டாய். முகமெல்லாம் மலர்ந்து இன்னொரு தம்ளர் ஊற்றினாய்.