பதிவேட்டில் உன் பெயர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இன்று காலை மிளகு வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த நெடியில் உன் ஞாபகம் வந்துவிட்டது. சுற்றியிருந்தது பழைய பத்திரிகைத் தாள். டில்லியில் எழுதிக்கொண்டிருக்கும் அரசியல் சட்டத்தைப் பற்றிய செய்தி. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று ஒரு பிரிவு வருகிறதாம். அடுக்களையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன்.

உன்னிடமிருந்து பறித்ததும் சட்டப்படிதான், நண்பா.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒன்றாகப் பிழைக்க வந்தவர்கள் நாம். நாலெழுத்துப் படித்ததால் எனக்கு ஆபீஸ் வேலை. உனக்குப் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் கூலி வேலை. பிறகு அதையும் விட்டுவிட்டு, விதுராவுக்கு மேலே ஒரு மலைச்சரிவை நீயும் உன் மனைவியும் வெட்டித் திருத்தினீர்கள். பன்னிரண்டு வருஷம் கல் பொறுக்கி, வரப்புக் கட்டி, மிளகுக்கொடி ஏற்றினீர்கள். நிலம் அளக்க வந்த கூட்டத்தில் குமாஸ்தாவாக என்னைப் பார்த்ததும் உனக்கு எவ்வளவு சந்தோஷம்!

மலையாளத்து மேலதிகாரி கேட்டது நிலப் பத்திரம் ஒன்றைத்தான். "பட்டயம் உண்டோ? இல்லெங்கில் சர்க்கார் புறம்போக்குன்னு எழுது."

நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவர் என்று உன் பெயரைச் சேர்க்கப் பதிவேட்டில் இடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புறம்போக்கு என்றே எழுதினேன்.

திரும்பும்போது ஓடி வந்து கேட்டாய்: "எம் பேரை எழுதிட்டியாடே?"

"எழுதியாச்சு."

அதை நம்பி நீ ஆட்சேப மனுவே போடவில்லை. தவணை கடந்தது. காவலர்கள் வந்து கொடிகளை வெட்டியபோது, பதிவேட்டைப் போய்ப் பாருங்கள் என்று அவர்களிடம் மன்றாடினாயாம்.

பிறகு திருவனந்தபுரத்துக்கு என்னைத் தேடி வந்தாய். ஆபீஸ் வாசலில் நின்று, "மேலே மாத்திட்டாங்க" என்று இன்னொரு பொய் சொன்னேன். நீ என் தோளைத் தட்டினாய்.

"நீ என்னடே செய்வே, பாவம். இதை நெனச்சு சோறு திங்காம கெடக்காதே, கேட்டியா?"

மறுபடி எஸ்டேட் கூலிகள் தங்கும் லயத்துக்கே போனாய். இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாய். உன் மனைவி இன்னும் அங்கேதான் கொழுந்து கிள்ளுகிறாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை விதுரா வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். நீ எனக்கு ஆறுதல் அல்லவா சொல்லிவிட்டுப் போனாய்.