பிரணவின் மொட்டைத் தலை

மஸ்கட்,
சனிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு சுபாஷிணி எழுதறேன். நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலியும் அம்மாவோட சுகரும் எப்படி இருக்கு? இதைப் போன்ல சொன்னா அழுதுடுவேன். அதான், என் ரூம்ல இருக்கற ரோஸி அக்கா லீவுல தாம்பரம் வர்றாங்க, அவங்க கையில கொடுத்தனுப்பறேன்.

வியாழக்கிழமை ஆபீஸ்ல போனைத் திறந்தா, தம்பி பிரணவ் மொட்டைத் தலையோட நிக்கற போட்டோ. கீழே ஒரு வார்த்தை எழுதல. பக்கத்துல உங்க ரெண்டு பேரையும் காணோம். பையன் திடீர்னு மொட்டை அடிச்சா என்னன்னு நினைப்பேன்?

போன் பண்ணினேன். அம்மா எடுத்து, "சாப்ட்டியாடி?"ன்னாங்க. அப்போ நீங்கதான்னு முடிவே பண்ணிட்டேன். "அப்பா எங்கம்மா?"ன்னு கேக்க வாய் வரல. அப்போதான் பின்னாடி நீங்க தும்மினீங்க. பக்கத்து வீடு வரைக்கும் கேக்குமே, அந்தத் தும்மல்!

அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. ஒன்டே கிரிக்கெட் டோர்னமென்ட்ல அதிக ரன் தனக்குப் பிடிச்ச ஆளு எடுத்தா, குன்றத்தூர் முருகனுக்கு மொட்டைன்னு வேண்டிக்கிட்டானாம் அந்தத் தடியன். நம்ம டீம் செமிஃபைனல்லயே தோத்தாச்சு, ஆனா ரன்ல அவன் ஆளுதான் முதலாம். முருகனுக்கு வேற வேலையே இல்லையா?

ரோஸி அக்கா திரும்பும்போது வத்தக்குழம்புப் பொடியும் உங்க பழைய சட்டை ஒண்ணும் கொடுத்தனுப்புங்க. இங்க ஏசி ரொம்பக் குளிருது. சட்டையைத் துவைக்க வேண்டாம்.

ரோஸி அக்கா ஏர்போர்ட் போக டாக்சி வந்துடுச்சு. இனிமே யார் மொட்டை அடிச்சாலும், பக்கத்துல நீங்க ரெண்டு பேரும் நின்னு போட்டோ எடுங்கப்பா.

உங்க
சுபா