பழைய போனும் ஏழாம் நம்பர் புடவையும்

ஆகஸ்ட் 18, திங்கள்

வீடியோ காலில் புடவை காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிட்டது. பேட்டரி முப்பத்தொன்று சதவீதம் என்று காட்டியது. பொய்.

ஸ்ம்ருதி பெங்களூரிலிருந்து நேற்று வந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்தே பத்து நாள் ஆபீஸ் வேலையாம். கையில் புதுப் போன். என் முதல் ஸ்கூட்டரே அந்த விலை இல்லை. "இன்னும் இந்த டப்பாவைக் கட்டிண்டு அழறியேம்மா? முப்பதாம் தேதி வரைக்கும் தள்ளுபடி. உனக்கும் ஒண்ணு போட்டுடறேன்" என்றாள்.

ஐந்து வருஷமாக இந்த டப்பாவை வைத்துத்தான் வாட்ஸ்அப்பில் முந்நூறு பேருக்குப் புடவை விற்கிறேன். என்னவாம் இதற்கு?

ஆகஸ்ட் 19

காலை ஏழிலிருந்து எட்டு, பால்கனி வெயில். பதினெட்டுப் புடவை எடுத்தேன். ஒவ்வொன்றின் கீழும் நிறத்தின் பெயர்: அரக்கு, மாந்துளிர், கத்திரிப்பூ, வெங்காயத்தோல். என் வழக்கம் இதுதான். போன் என்ன காட்டினாலும் பெயர் பொய் சொல்லாது.

ஆகஸ்ட் 21

காலையிலிருந்து மழை. வெயிலே இல்லை. "என் போன்ல எடும்மா, லைட்கூட வேண்டாம்" என்றாள். ஹாலில் வைத்தே பன்னிரண்டு புடவை, பத்தே நிமிஷம். சொல்லத்தான் வேண்டும், படம் பளிச்சென்று இருந்தது. பெயர் எழுதவில்லை, நம்பர் மட்டும் போட்டேன். படமே பேசும்போது பெயர் எதற்கு?

ஏழாம் நம்பர் உடனே போய்விட்டது. திருவெறும்பூர் கலைமதி. அது கருப்பு. வளைகாப்புக்கு எங்களவர்கள் பிள்ளையுண்டான பெண்ணுக்குக் கட்டக் கருப்பில் மசக்கைப் புடவை கேட்பார்களே என்று மலைக்கோட்டை மொத்தக் கடையில் வாங்கி வைத்திருந்தேன். அவர்களுக்கு எதற்கோ, நான் கேட்கவில்லை.

சரி, புதுப் போன் வாங்கிவிடலாமோ? ஸ்ம்ருதிக்கு ஒரே சிரிப்பு. காபி மட்டும் தொடமாட்டேன் என்கிறாள், வாசனையே பிடிக்கவில்லையாம். ஏதாவது டயட்டாக இருக்கும்.

ஆகஸ்ட் 26

போச்சு. மானம் போச்சு.

கலைமதி போன் செய்தாள். "என்ன மேடம், கருநீலம்னு பார்த்து வாங்கினா கருப்பை அனுப்பியிருக்கீங்க? நாளன்னிக்கு என் பையனுக்கு நிச்சயம். பொண்ணுக்குத் தட்டுல கருப்பா வைப்பேன்? எங்க சனம் என்னைக் கிழிச்சிரும்!"

படத்தை மறுபடி பார்த்தேன். நீலம்தான்! அசல் கருநீலம். கருப்பு என்று எனக்குத் தெரியும், அதனால் கருப்பாகவே பார்த்துத் தொலைத்திருக்கிறேன்.

"இருட்டா இருந்தா அது தானா வெளிச்சம் கூட்டும்மா. அழகாத்தானே காட்டித்து?" என்கிறாள் ஸ்ம்ருதி. அழகாகக் காட்டு என்று நான் கேட்டேனா? உள்ளதைக் காட்ட வக்கில்லை, இதற்கு ஒரு லட்சமா! கலைமதி குரூப்பில் ஒரு வரி எழுதினால் போதும், முந்நூறு பேரும் போய்விடுவார்கள். ஐந்து வருஷம்.

ஆகஸ்ட் 27

ஊரெல்லாம் பிள்ளையார் சதுர்த்தி. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பையில் நான்கு நீலப் புடவைகளோடு திருவெறும்பூர் போய் இறங்கினேன். கலைமதி முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்கையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்தேன். "உங்க கண்ணாலேயே பாருங்க. தப்பு என்மேலதான். பேர் எழுதியிருக்கணும், எழுதலை."

வெகுநேரம் பார்த்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டாள். "நீங்களே வருவீங்கன்னு நினைக்கலைங்க" என்றாள். மோர் கொடுத்தாள். கருப்பைத் திருப்பி வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வாங்கப்போவதில்லை. சொல்லிவிட்டேன்.

"ஒரு போட்டோ தப்பாப் போனதுக்கு இவ்வளவு பிடிவாதமா?" ஆமாம், பிடிவாதம்தான்! அந்த வெளிச்சத்தை அணைத்துவைக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறதாம். இருக்கட்டும். தானாக யோசிக்கிற போனுக்குப் பின்னால் நான் ஓட வேண்டுமா?

ஜும்மா தொழுகை முடிந்து வரச் சொன்னார் மலைக்கோட்டைக்குக் கீழே செல்போன் கடை வைத்திருக்கும் முகம்மது கனி. திறந்து பார்த்தார். "போனுக்கு ஒண்ணுமில்லைங்கம்மா, பேட்டரிக்குத்தான் வயசாயிருச்சு. மாத்தினா இன்னும் ரெண்டு வருசம் ஓடும்." மாற்றியாயிற்று.

ராத்திரி ரயிலுக்கு ஸ்ம்ருதி கிளம்பிவிட்டாள். கோபம் இல்லை, அசதியாகத்தான் தெரிந்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கலைமதியிடமிருந்து காலையில் மெசேஜ்: "கல்யாணப் புடவையும் உங்ககிட்டதான். போட்டோ வேணாம், கலர் பேரை மட்டும் எழுதுங்க." இரண்டு தரம் படித்தேன்.

மத்தியானம் வீடியோவில் ஸ்ம்ருதி. பக்கத்தில் மாப்பிள்ளை மதுசூதன்.

"அந்த ஏழாம் நம்பர் இருக்காம்மா? யாருக்கும் கொடுத்துடாதே."

"உனக்கு எதுக்குடி கருப்பு?"

மதுசூதன் சிரிக்கிறார். அப்புறம்தான் எனக்குக் காபி ஞாபகம் வந்தது. அரக்குக்கும் மாந்துளிருக்கும் நடுவே ஆறு நிறம் சொல்கிற கண் என்னுடையது. பன்னிரண்டு நாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணை அது பார்க்கவில்லை.

பீரோவைத் திறந்து புடவையைப் பால்கனிக்கு எடுத்துப்போய்ப் பிரித்துக் காட்டினேன்.

"கருப்புதாம்மா," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

ஒன்றரை மணி நேரம் பேசினோம். போன் அணையவில்லை.