கத்திப்பிடியில் ஒரு கோடு

ஜன. 19, திங்கள்
காலையிலேயே மழை. குடையை பஸ்ஸில் விட்டாயிற்று.
காட்டிலாகா எங்கள் லேபுக்குக் கொண்டுவந்த மான் எலும்புகள், பதினொன்று. எல்லாம் கால் எலும்பு. தலையும் கொம்பும் இருந்தால் ஆணா பெண்ணா என்று பச்சைப்பிள்ளையும் சொல்லிவிடும். கால் என்றால் தூளாக்கி டி.என்.ஏ. எடுக்க வேண்டும். ஜெல்லில் இரண்டு கோடு விழுந்தால் ஆண், ஒன்று என்றால் பெண்.
பன்னிரண்டாவதாக அப்பாவின் கத்திப்பிடியை நானே சேர்த்தேன். அவர் சுட்ட மானின் எலும்பு. "பொட்டையச் சுட்டதே இல்ல" என்று போன வருஷம் சாகும்வரை சொன்னவர். ஆனால் நான் பிறந்த வருஷம் வேட்டையை விட்டார். அதிலிருந்து தவறாமல் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி. ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். இந்தத் தைப்பூசத்துக்கு அவர் வேண்டுதலை நான் பால்குடமாக எடுக்கிறேன். எதற்கென்று தெரியாமல் எடுக்க மனம் ஒப்பவில்லை.

21, புதன்
வாங்க: பருப்பு, மஞ்சள் துணி, லேப் கையுறை.
விரதம். வீட்டில் சைவம், பகலெல்லாம் எலும்புத் தூள். தீட்டா? யாரைக் கேட்பது.
கத்திப்பிடி: ஒரு கோடு.
பழைய எலும்பில் ஆண் கோடு சிலசமயம் விடுபடும். மறுபடி ஜெல்லில் ஓட்ட வேண்டும்.

22, வியாழன்
மறுபடியும் ஒன்று. அப்பாமேல் கோபம் வர வேண்டும். பயம்தான் வருகிறது. பஸ்ஸில் கண்ணை மூடினாலும் அந்தக் கோடு.

23, வெள்ளி
மூன்றாவது தடவை. பக்கத்து மேஜை ஃபாத்திமா: "இன்னும் ஓட்டுனா கத்திக்குப் பிடியே இருக்காதுலா, அக்கா."
மற்ற ஆண் எலும்புகளில் இரண்டு கோடு ஒழுங்காக. இதில் ஒன்றேதான். பெண்.

24, சனி
நல்ல வெயில். ஃபெரி, பஸ், நிபோங் திபாலில் அம்மா வீடு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தியைப் பக்கத்தில் வைத்து, சோதித்துப் பார்த்தேன், ஆண் மான்தான் என்று பொய் சொன்னேன்.
அம்மா நிமிரவில்லை.
"பொட்ட. வயித்துல குட்டி இருந்துச்சு. நான்தான கழுவுனேன்."
ஏன் சுட்டார் என்று கேட்டேன்.
"மசக்கையில மான் கறி வேணும்னு கேட்டது நானு. நீ வயித்துல இருந்த. ஒங்கப்பா தொடல. நான் சாப்ட்டேன்."
பத்து நாளாகச் சைவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் எலும்பே அந்தக் கறியில் வளர்ந்தது.
வாங்க: மஞ்சள் துணி இன்னொன்று. அம்மாவும் பால்குடம் எடுக்க வருகிறாராம்.