நாலு தூளி

வேம்பங்காடு,
நாமகிரிப்பேட்டை வழி,
தாது வருஷம் மாசி 24.

சௌந்திரத்துக்கு அப்புசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பள்ளிக்கூடமும் இன்னும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் அண்ணனும் பிறந்த வீட்டில் எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வந்து உன்னிடம் சொல்வதைவிட நானே சொல்வது மேல். முந்தாநாள் மத்தியானம் உன் பச்சைக் கட்டம் போட்ட சேலையை எடுத்து நான் உடுத்திக்கொண்டேன். முழுக்க இல்லை. தோளைச் சுற்றிப் போர்த்தி முக்காடு மட்டும் போட்டேன். காரணம் ஒன்றரை வயசுக் குப்பாயி. நீ பஸ் ஏறிய நாள் முதல் அவள் வாயை மூடவில்லை. அவள் அழுதால் வேப்பமரத்தில் தொங்கும் மற்ற மூன்று தூளியும் கூடச் சேர்ந்து அழுகிறது. நாலும் அழுதால் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்த அக்காமார் பலகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். உன் சேலை வாசம் பட்டால் அடங்குவாள் என்று தோன்றியது. அடங்கவும் செய்தாள். நானும் நிம்மதியாக மூன்றாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். மணியகாரர் சம்சாரம் அங்கம்மாளுக்குப் புளி உலுக்க ஆள் தேட வேறு நேரமா கிடைக்கவில்லை? வேப்பமரத்தடியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங் வாத்தியாரே, பச்சை உங்களுக்கு எடுப்பாத்தானுங்க இருக்குது. ரவிக்கைக்கு அளவு குடுத்தாச்சுங்களா?”

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. நேற்று சவரம் பண்ண வந்தவன், மீசையை எடுத்துவிடட்டுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

சிரித்தது போதும். பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். பருத்தி எடுப்பு சமயம். தாய்மார்கள் காட்டுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் இருந்தாக வேண்டும். நீ இருந்தபோது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, உன் தூளியில் போட்டுவிட்டுப் படித்தார்கள். எப்படித்தான் ஆட்டினாயோ, ஆட்டிக்கொண்டே மணலில் எழுதவும் பழக்கினாய். இப்போது ஆட்ட ஆளில்லை, அதனால் படிக்கவும் ஆளில்லை.

இந்த லட்சணத்தில் பங்குனி பதினொன்றாம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார். பெண்பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பையன்களை ஓடைக்கு அந்தப்பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சாம். அதற்கப்புறம் என்னை எங்கே மாற்றுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“நாலு தூளியை ஆட்டறதுக்கு என்ன பெரிய வித்தை வேணும்?” என்று பஸ் கிளம்பும்போது நான் கேட்டது சும்மா வேடிக்கைக்கு. நீ மனசில் வைத்திருக்க மாட்டாய். உங்கள் ஊர் மாரியம்மன் நோன்பு முடிந்ததும் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடு.

முக்காட்டுக்குள்ளிருந்து,
அப்புசாமி


கரட்டுவலசு,
சங்ககிரி வழி,
மாசி 28.

மாமா அவர்களுக்குச் சௌந்திரம் எழுதிக்கொண்டது. கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். சேலை வருகிற இடத்தை அண்ணி திரும்பவும் ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

இப்போது என்னால் வர முடியாது. மாரியம்மன் கோயில் முன்னால் நோன்புக் கம்பம் நட்டாகிவிட்டது. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கம்பம் நடும்போது ஊரில் இருந்தவர்கள், அதைப் பிடுங்குகிற வரைக்கும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. மீறினால் ஆத்தாளுக்கு ஆகாது. பங்குனி பதினைந்துக்கு மேல்தான் பிடுங்குவார்களாம். இன்ஸ்பெக்டரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேலையெல்லாம் வேண்டாம். நாலு தூளிக்கும் சேர்த்து ஒரே கயிறு கட்டியிருக்கிறேன், பாருங்கள். அதன் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். நிறுத்தும்போது வெடுக்கென்று விடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குப்பாயி அழுவது அதற்குத்தான்.

பிள்ளைகள் வீட்டுக்கு, அவர்கள் ஆத்தாமார் காட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். தலைப்பாகை வேண்டாம். வாசலில் நின்றுகொண்டு ஏன் அனுப்பவில்லை என்று கேட்க வேண்டாம். ஒன்றும் பேசாமல் கைக்குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடங்கள். அக்காக்காரி தானே பின்னால் வருவாள்.

நாலு தூளிதானே. வித்தை ஒன்றும் வேண்டாம்.

சௌந்திரம்


வேம்பங்காடு,
பங்குனி 5.

சௌந்திரத்துக்கு,

ஆத்தாள் உத்தரவுக்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? கம்பம் நின்றபடி நிற்கட்டும். இங்கே நான்தான் விழுந்துவிட்டேன்.

நீ சொன்னபடி கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டேன். பாடம் கனஜோராக நடந்தது. பின்வரிசையில் கந்தன் பயல் ஓணானைப் பையிலிருந்து எடுத்துவிட்டான். கயிறு இருப்பதை மறந்து அவனைப் பிடிக்கப் பாய்ந்தேன். வாத்தியார் முகம் மணலில், வாத்தியார் கால் ஆகாயத்தில். நாலு குழந்தைகளும் அழுமென்று பார்த்தால், நாலும் தூளியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்துச் சிரிக்கின்றன. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது.

மறுநாள் கந்தனை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டைத் தாலாட்டு ராகத்தில் இழுத்தேன். குழந்தைகள் தூங்கின. நாலாம் வகுப்பும் தூங்கியது. எண்பத்து நாலு வருகிற இடத்தில் எனக்கே கண் சொக்கியது.

ஆனால் நல்ல சேதியும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். முதலில் பொன்னாயி வீட்டுக்குப் போனேன். தலைப்பாகை இல்லாத என்னை அவள் ஆத்தாளுக்கு அடையாளமே தெரியவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டேன். அது உடனே என் சட்டையை நனைத்தது. அந்த அம்மாள் கூழை நீட்டி, “அம்மிணி வந்தா ஒரு வாய் குடிச்சுட்டுத்தானுங்க போவாங்க. நீங்களும் குடிங்க” என்றாள். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் பச்சை வெங்காயமும் கொடுத்தார்கள். விடிந்ததும் நீ குடத்தோடு கிளம்பும்போதெல்லாம் தண்ணீருக்குப் போகிறாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தண்ணீர் எடுக்க ஏன் இவ்வளவு நேரம் என்று உன்னிடம் கோபித்தும் இருக்கிறேன்.

இப்போது பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் நீ சந்தோஷப்படுவாய். வேப்பம்பூ உதிர்ந்து தூளிக்குள்ளெல்லாம் கிடக்கிறது. பிள்ளைகள் அதைப் பொறுக்கி ஓட்டில் காயவைக்கிறார்கள். நீ விதை ஊன்றிய சுரைக்கொடி கூரை ஏறிவிட்டது. ஒரு காய் என் நாற்காலிக்கு நேர் மேலே தொங்குகிறது. என்றைக்கு விழும் என்று பையன்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். நீ பழக்கிய கோலாட்டத்தைப் பொன்னாயியே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அடி தப்பினால் உன்னை மாதிரியே இடுப்பில் கை வைத்து முறைக்கிறாள். நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் வழக்கம்போலத் தூளிகளை அவிழ்த்துவிட வேண்டும். கைக்குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கண்டால் சட்டம் பேசுவார். அங்கம்மாள் வீட்டுக் கொட்டகையில் விட்டுவைக்கலாம் என்றிருக்கிறேன்.

ஒற்றைக்காலில் நிற்கும்,
அப்புசாமி


கரட்டுவலசு,
பங்குனி 7.

மாமா அவர்களுக்கு,

கார்டில் இடமில்லை. விரலுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டுங்கள். திருச்செங்கோட்டில் வள்ளியாத்தாள் அத்தைக்குக் காய்ச்சல். இரண்டு ராத்திரி கூடப் படுத்திருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். இப்போது அவளுக்குத் தேவலை.

தூளியை அவிழ்ப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இன்ஸ்பெக்டர் வந்தபோது தூளியோடு சேர்த்து என்னையும் வீட்டுக்கு அனுப்பினீர்கள். நான் பழக்கிய பாட்டை அவருக்குப் பிள்ளைகள் பாடிக் காட்டியதை அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் பாடினார்கள். இந்த வருஷம் அனுப்புவதற்கு நான் அங்கே இல்லை. உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள்.

சௌந்திரம்


வேம்பங்காடு,
பங்குனி 12.

சௌந்திரத்துக்கு,

கார்டு முந்தாநாள் வந்தது. நேற்று விடிந்ததும் முக்காலி போட்டு ஏறி முதல் தூளியின் முடிச்சில் கை வைத்தேன். கார்டு சட்டைப் பையில் இருந்தது. முடிச்சு இறுகிப்போயிருந்தது என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். உண்மையில் அது சுருக்கு முடிச்சு, இழுத்தால் வந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது பள்ளிக்கூடமா, பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியா?”

நான் எழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். கால்விரலில் கயிறு. அப்போதுதான் நாலும் தூங்கியிருந்தன. எழுந்தால் குப்பாயி எழுந்துவிடுவாள், எழாவிட்டால் என் உத்தியோகம் எழுந்துவிடும். உட்கார்ந்தபடியே கும்பிட்டு, “மன்னிக்கணுங்க, இந்தக் கால் இப்போ என்னுது இல்லீங்க” என்றேன். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தூளி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெண்பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினார். பொன்னாயி புத்தகத்தில் அவர் காட்டிய பக்கத்தைத் தடங்கலில்லாமல் படித்தாள். ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். எல்லோரும் தாலாட்டிலேயே சொன்னார்கள், பாதியில் ஆராரோ போட்டுக்கொண்டு. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பிறகு கேட்டார், இது யாருடைய ஏற்பாடு என்று.

சௌந்திரம், பொய் சொல்ல மாட்டேன். “என்னுது” என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வருஷா வருஷம் உன் கோலாட்டத்துக்கும் உன் பாட்டுக்கும் அந்த நாக்குத்தான் மரியாதை வாங்கிக்கொண்டது. இந்தத் தடவை, “என் சம்சாரத்துதுங்க” என்றேன். பேர் என்ன என்றார். சம்சாரம் பேரை நாலு பேர் முன்னால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பிள்ளைகள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சௌந்திரம்” என்றேன். சத்தம் பத்தவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டார். மறுபடி உரக்கச் சொன்னேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் வேடிக்கை பார்த்த அங்கம்மாள், “இப்பத்தான் வாத்தியாருக்கு வாய் வந்திருக்குது” என்றாள்.

“பாடம் சொல்லிக் குடுக்கிறவங்க பள்ளிக்கூடத்தில அல்லவா இருக்கணும்? அடுத்த தடவை வந்தா அந்த அம்மாளைத்தான் நான் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார். அப்படியென்றால் பள்ளிக்கூடத்தை மூடப்போவதில்லை. சுரைக்காய் மட்டும் அவர் வண்டி ஏறியபிறகு விழுந்தது. நாற்காலியில் நான் இல்லை.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் பெஞ்சு கொடுத்தவருக்கும் விளக்கு கொடுத்தவருக்கும் நன்றி சொல்லிப் பழகிய வாய் இது. வீட்டுக்குள் சொல்ல வரவில்லை. அதனால் முதலில் உங்கள் ஊர் மாரியாத்தாளுக்குச் சொல்லிவிடுகிறேன். அவள் கம்பத்தை நட்டு உன்னை அங்கே நிறுத்தாமல் போயிருந்தால் என் முதல் கடிதத்துக்கே நீ ஓடி வந்திருப்பாய். நானும் தலைப்பாகையோடு பழையபடி நின்றிருப்பேன். என் பேரில் அவளுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடு. கம்பத்தைப் பிடுங்கியதும் வா. குப்பாயி இப்போது என்னிடம் அழுவதில்லை. ஆனாலும் பஸ் சத்தம் கேட்டால் தூளியிலிருந்து தலையை நீட்டிப் பார்க்கிறாள். நானும்தான்.

உன்,
அப்புசாமி


கரட்டுவலசு,
பங்குனி 14.

மாமா அவர்களுக்குச் சௌந்திரம் எழுதிக்கொண்டது. இந்தக் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டவில்லை. என் பேர் வருகிற இடத்தை மட்டும் நானே திரும்பவும் ஒருமுறை படித்துக்கொண்டேன்.

புதன்கிழமை வருகிறேன். ராசிபுரத்தில் பஸ் மாறி வர மத்தியானம் ஆகிவிடும். ஐந்தாவது தூளிக்குத் துணி கொண்டுவருகிறேன். பொன்னாயி ஆத்தாளுக்கு வைகாசியில் இன்னொன்று பிறக்கப்போகிறது, உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாள். பஸ் நிற்கிற இடத்துக்கு வாருங்கள். பச்சைச் சேலை வேண்டாம்.

ஆத்தாளுக்கு உங்கள் பேரில் தேங்காய் உடைத்தாயிற்று. நல்ல காய், சரிபாதியாக உடைந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் நோன்பு எப்படி நடந்தது என்று அங்கம்மாள் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் வைத்து எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால் உங்களுக்கு முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். திருச்செங்கோட்டில் இரண்டு ராத்திரி தங்கினேன் என்று கார்டில் எழுதியும் நீங்கள் கவனிக்கவில்லை. எங்கள் ஊர் நோன்பை இந்த வருஷம் சித்திரைக்குத் தள்ளிவிட்டார்கள். கம்பத்துக்கு இன்னும் மரமே வெட்டவில்லை.

சௌந்திரம்